இரக்கம் எனும் அன்றாடக் கடமை

கிறித்தவ மரபில் இரக்கம் என்பது, துன்பப்படுவோரைக் கண்டு மனம் நெகிழ்வதோடு முடிந்துவிடும் உணர்ச்சியாக அன்றி, இன்னின்னவற்றைச் செய்ய வேண்டும் என்று வகுத்துரைக்கப்பட்ட கடமையாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. இதன் அடிப்படை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் உள்ளது. இறுதித் தீர்ப்பைப் பற்றிய அப்பகுதி, பசித்தவருக்கு உணவளித்தல், தாகமுற்றவருக்கு நீர் தருதல், அந்நியரை ஏற்றுக்கொள்ளுதல், ஆடையற்றவரை உடுத்துதல், நோயாளியைக் கவனித்தல், சிறையிலிருப்பவரைச் சென்று காணுதல் ஆகிய ஆறையும் எடுத்துக்கூறி, எளியவருக்குச் செய்தது இயேசுவுக்கே செய்ததாகும் என்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் தோபித்து நூலில், கொல்லப்பட்டுக் கிடந்தோரின் உடல்களைத் தோபித்து புதைத்த செய்தியை ஒட்டி, இறந்தோரை அடக்கம் செய்தல் ஏழாவதாகச் சேர்ந்தது. இவ்வேழும் உடல்சார் இரக்கச் செயல்கள் எனப்படும்.

இவற்றுக்கு இணையாக ஆன்மா சார்ந்த ஏழும் உண்டு: அறியாதவருக்குக் கற்பித்தல், ஐயமுற்றவருக்கு வழிகாட்டுதல், தவறு செய்பவரைத் திருத்துதல், துயருற்றவரைத் தேற்றுதல், தீங்கு செய்தவரை மன்னித்தல், தொல்லைகளைப் பொறுத்தல், வாழ்வோருக்காகவும் இறந்தோருக்காகவும் வேண்டுதல். பொருள்வளம் இல்லாதவரும் வீட்டிலும் பணியிடத்திலும் செய்யத்தக்கவை இவை. எனினும், நாள்தோறும் முகம் பார்க்க வேண்டியவரை மன்னிப்பது, முன்பின் அறியாதவருக்கு உணவளிப்பதைவிடப் பலருக்கும் கடினமானது.

இக்கடமையை வழக்கமாக்கிக்கொண்டவர்களுக்கு இத்தாலி நல்ல சான்று. நேப்பிள்ஸ் நகரில் உயர்குடி இளைஞர் எழுவர், தீராநோயாளிகளுக்கான மருத்துவமனைக்கு வெள்ளிக்கிழமைதோறும் சென்று பணிவிடை செய்துவந்து, 1602இல் பியோ மோந்தே தெல்லா மிசெரிகோர்தியா என்ற அறநிறுவனத்தை உருவாக்கினர். அதன் ஆலயத்துக்காகக் கரவாஜ்ஜோ வரைந்த ஓவியம், உடல்சார் இரக்கச் செயல்கள் ஏழையும் நெரிசல் மிக்க ஒரே தெருவில் நிகழ்வனவாகக் காட்டுகிறது. 1244இல் தோன்றியதாக மரபு கூறும் புளோரன்ஸ் நகரின் மிசெரிகோர்தியா சங்கத்தார், உதவியவர் யார் என்பது தெரியாதிருக்க முகத்தை மறைக்கும் அங்கி அணிந்து நோயாளிகளையும் சடலங்களையும் சுமந்தனர். அச்சங்கத்தின் தொண்டர்கள் இன்று ஆம்புலன்ஸ்களில் பணியாற்றுகின்றனர்.

செயலும் நாளும் முன்கூட்டியே உறுதியாகிவிட்டால், இரக்கம் மனநிலைக்கேற்ப வந்துபோவதாக இராமல் பழக்கமாகிவிடுகிறது என்பதே இம்மரபு காட்டும் உண்மை. அதே வேளையில் இப்பட்டியல் முடிந்துபோன ஒன்றன்று. உலகம் என்னும் பொது இல்லத்தைப் பேணுவதையும் உடல்சார், ஆன்மா சார்ந்த இரு வகையிலும் சேர்க்குமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் முன்மொழிந்தார்.