கூர்ப்பு மரத்துக்கு ஓர் அளவுகோடு

தேசப்படத்தின் அடியில் சிறு கோடொன்று வரைந்து "100 கி.மீ." என எழுதப்பட்டிருப்பதை மாணவர் அறிவர். உயிரினங்களின் உறவைக் காட்டும் கூர்ப்பு மரத்துக்கும் அத்தகைய கோடு வேண்டும். சாள்ஸ் டார்வின் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் இருந்த ஒரேயொரு படமும் மரமே. அதன் குறுக்குக் கோடுகளின் ஒவ்வோர் இடைவெளியையும் ஆயிரம் தலைமுறைகளாகக் கொள்ளலாம் என அவர் விளக்கினார். இன்றைய மரங்கள் பலவற்றிற் கிளையின் நீளம், டி.என்.ஏ.யில் நிகழ்ந்த மாற்றத்தின் அளவாகும்.

நாமே ஒன்றை வரைந்து பார்ப்போம். டி.என்.ஏ. எழுத்துகளை நேருக்கு நேர் ஒப்பிடுமிடத்து, மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.2 சதவீதம், கொரில்லாவோடு 1.6, ஒராங்குட்டானோடு 3.1. இது இரு கிளைகளிலும் சேர்ந்த மாற்றமாதலால் இரண்டாகப் பகிர்தல் வேண்டும். (இரு கிளைகளும் ஒரே வேகத்தில் மாறின என்பது ஓர் எடுகோளே.) 0.1 சதவீதத்துக்கு 1 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், மனிதக் கிளையின் நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றரிற் சிம்பன்சியும், 8இற் கொரில்லாவும், 15.5இல் ஒராங்குட்டானும் வந்து இணையும். கொப்பித் தாளைக் குறுக்காகத் திருப்பினால் இடம் போதும். சிம்பன்சியும் நம்மைப் போல நுனியிலேயே நிற்கிறது என்பதைக் கவனிக்குக. அதிலிருந்து நாம் வந்தோம் என்பார் இப்படத்தை ஒருமுறை வரைந்து பார்த்தல் நன்று.

இனி மரத்தின் கீழே, கிளைகளைத் தொடாது, 5 சென்ரிமீற்றர்க் கோடு வரைந்து "0.5 சதவீத மாற்றம்" என எழுதுக. வெறுமனே "0.5" என்று விட்டுவிடுவோர் உளர், அது நாணயம் குறியாது விலை மட்டும் எழுதிய கடைப்பலகை போன்றது. "1 சென்ரிமீற்றர் = 0.1 சதவீதம்" என எழுதினால் என்ன குறை? நிழற்பிரதி எடுத்துப் படத்தைச் சிறிதாக்கினால் அவ்வாசகம் பொய்யாகிவிடும். கோடோ மரத்தோடு சேர்ந்து சுருங்கும். அளக்கும்போது கிடைக்கோடுகளை மட்டுமே அளத்தல் வேண்டும். நிலைக்குத்துக் கோடுகள் பெயர்களைப் பிரித்துவைப்பதற்கு மட்டுமே உரியன.

இக்கோட்டைக் கொண்டு இன்னொன்றையும் அளக்கலாம். எந்நாட்டவராயினும், எந்நிறத்தவராயினும், இரு மனிதருக்கிடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.1 சதவீதமே. அதிற் பாதி, நம் படத்தில் அரைச் சென்ரிமீற்றர். பாடசாலையில் நம் பிள்ளைகளை நோக்கி "நீ வேறு இனம்" என எவரேனும் கூறின், இப்படத்தையும் அடிமட்டத்தையும் அவரிடம் கொடுத்து அந்த வேறுபாட்டை அளந்து பார்க்கச் சொல்லலாம்.

எல்லா மரங்களும் மாற்றத்தை அளப்பன அல்ல. 2018இல் வெளியான திராவிட மொழிக் குடும்ப ஆய்வொன்றின் மரம் ஆண்டுகளால் அளக்கப்பட்டது. அதன் வேர் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. வேறு சில மரங்களோ உறவின் ஒழுங்கை மட்டும் காட்டுவன. அவற்றிற் கிளை நீளத்துக்குப் பொருளில்லை. அத்தகைய மரத்தின் கீழ் அளவுகோடு வரைதல் ஆகாது.