மோரிஸ் மைனர் இன்னும் ஓடுவது எப்படி?

பழைய மகிழுந்து என்றதும் நம்மில் பலருக்குத் துருப்பிடித்த இரும்புதான் நினைவுக்கு வரும். ஆனால், அவற்றைப் பிள்ளைபோல் பேணும் ஆர்வலர்கள் நம் ஜொகூர் மாநிலத்தில் இருக்கிறார்கள். குளுவாங்கில் வாழும் என் தாய்மாமாவும் அவர்களில் ஒருவர். அவரிடம் இருப்பது மோரிஸ் மைனர்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. உற்பத்தியில் ஒரு மில்லியனை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்து இதுவே. மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிந்ததால், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து 4 அங்குலம் அகலப்படுத்தினார் இசிகோனிஸ். முன்மூடியின் நடுவே ஓடும் பட்டை அதன் அடையாளம்.

இதில் கணினி கிடையாது. 1098 சிசி இயந்திரத்தில் தீப்பொறிக்கான 'பாயிண்ட்' இடைவெளி சுமார் 0.015 அங்குலம். அது மாறினால் வண்டி திணறும். அளவுத் தகடும் திருப்புளியும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால், எந்தச் சத்தத்திற்கு எதைத் திருக வேண்டும் என்பது அனுபவசாலிக்கே தெரியும். அதற்காகவே ஆர்வலர்கள் கூடுகிறார்கள். ஒருவர் பழைய கார்புரேட்டரைத் தருவார். மற்றவர் அதைப் பிரித்துக் கழுவக் கற்றுத் தருவார்.

மாமாவுக்குக் கற்றுத் தந்தவர், தோட்டத்து லாரிகளைப் பழுதுபார்த்த ஒரு தமிழர். அவர் எதையும் எழுதி வைக்காமலே மறைந்துவிட்டார்.

நண்பர்களே, உதிரிப்பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். கைப்பக்குவத்தை எங்கிருந்து வரவழைப்பது? உங்கள் ஊர்ப் பட்டறைப் பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். நான் மாமாவிடமிருந்து தொடங்கிவிட்டேன்.