பொய் சொல்கிறாளா, நோய் சொல்கிறதா?

திகில் கதை என்றால் எனக்கு உயிர். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள் நான். இங்கிலீஷ் கதைகளை மட்டும் காலேஜில் படிக்கும் என் மகள் சொல்லித்தான் கேட்பேன். போன மாதம் அவள் இரண்டு அமெரிக்கக் கதைகள் சொன்னாள். இரண்டிலும் பேயே இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலாவது, எட்கர் ஆலன் போவின் 'டெல் டேல் ஹார்ட்'. 1843-ல் வெளிவந்தது. தனக்குப் பைத்தியமில்லை என்று சாதித்துக்கொண்டே ஒருவன் கதை சொல்கிறான். ஒரு கிழவரின் கண் பிடிக்காமல் அவரைக் கொன்று தரைப் பலகைக்கடியில் மறைக்கிறான். பிறகு, செத்தவரின் இதயம் துடிப்பது கேட்கிறதென்று போலீசாரிடம் தானே கத்தி மாட்டிக்கொள்கிறான். கதை சொல்பவனையே நம்ப முடியவில்லை, பாருங்கள்! ஆனால் இதை வைத்து மனநோயாளி என்றாலே கொலைகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலோர் ஒருவருக்கும் தீங்கு செய்யாதவர்கள்.

இரண்டாவது, ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதி 1892-ல் வந்த 'தி யெல்லோ வால்பேப்பர்'. கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு மனசு சரியில்லை. டாக்டரான கணவன் அவளை மாடி அறையில் ஓய்வெடுக்க வைக்கிறான். எழுதக்கூட விடுவதில்லை. சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தையே பார்த்துப் பார்த்து, அதற்குள் ஒரு பெண் அடைபட்டிருப்பதாக நம்புகிறாள். கடைசியில் காகிதத்தைக் கிழித்துவிட்டு, தானே அந்தப் பெண்ணாகித் தரையில் தவழ்கிறாள்.

இதில் பாதி கில்மனின் சொந்தக் கதை. 1885-ல் மகள் பிறந்தபின் மனச்சோர்வில் வாடினார். 1887-ல் பிரபல டாக்டர் வீர் மிட்செல் ஓய்வுச் சிகிச்சை கொடுத்து, வீட்டோடு இரு, பேனாவைத் தொடாதே என்று அனுப்பினார். அப்படியே நடந்ததில் நிலைமை மோசமாகி, மறுபடி எழுத ஆரம்பித்த பிறகே தேறினாராம்.

சுவருக்குள் பெண் இருப்பதாக அவள் சொன்னது பிரமைதான். ஆனால் வேலையும் மனுஷர் துணையும் இருந்தால் தேறுவேன் என்று முதலிலேயே அவளுக்குத் தோன்றியதே, அது உண்மை. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பல வருஷம் முன்பு என் ஓரகத்தி பிரசவமான இரண்டாவது வாரம், "குழந்தையை யாரோ மாத்திட்டாங்க அக்கா" என்று அழுதாள். பச்சை உடம்பு, காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம். அதற்கு முன்னாலிருந்தே அவள், "கண்ணை மூடினாலும் தூக்கம் வரலை அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எங்கள் காதில் ஏறவே இல்லை. கடைசியில் மனநல டாக்டரிடம் போனோம், மருந்தில் குணமானாள். முன்பே போயிருந்தால் அத்தனை அழுகை எதற்கு?

பிள்ளை பெற்றவள் தூக்கமின்றித் தவித்தாலோ, இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னாலோ ஒருநாளும் தாமதிக்காதீர்கள். தாயையும் சேயையும் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். யோசனை கேட்க, அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

அவள் சொல்வது எல்லாமே நிஜமாக இருக்க வேண்டியதில்லை. அவள் படும் வேதனை நிஜம். முதலில் உட்கார்ந்து கேளுங்கள், சகோதரிகளே!