அறுந்த இழையும் ஆளின் மறதியும்

கல்முனைக்கு வடக்கே கடலோரமாக அமைந்துள்ள மருதமுனையைத் தறியின்றி நினைப்பதற்கில்லை. அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாரமும் சேலையும் நெய்து வந்துள்ளன. நெய்த துணியை விரித்து அழகு பார்க்கும் நாம், அதனுள் எத்தனை பிழைகள் நேராவண்ணம் தடுக்கப்பட்டன என்பதை எண்ணுவதில்லை.

பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. அவற்றுள் ஒன்று இடம் மாறினாலும் கோடு கெடும். ஆதலின், பாவு ஓட்டும்போதே இழைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழுமாகப் பிரித்து, ஒன்றையொன்று குறுக்கிடச் செய்து, அக்குறுக்கின் இருபுறமும் கம்பு செருகிவிடுவர். பின்னர் ஓரிழை அறுந்தால் அதன் இடத்தை நெசவாளர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, கம்புகளே காட்டிவிடும்.

ஆயினும், இழை அறுந்ததைக் காணக் கண் வேண்டுமே! கைத்தறியில் தறிக்கு ஒருவர் அமர்ந்திருப்பார். விசைத்தறியிலோ கண் சற்று அயர்ந்தால் முழக்கணக்கில் துணி பாழாகும். ஜப்பானில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த சகிச்சி டொயோடா இதற்கு வழி தேடினார். அவர் 1924-இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, இழை அறுந்ததும் தானே நின்றது. இவ்வகைத் தறிகளில் பாவிழை ஒவ்வொன்றிலும் மெல்லிய உலோகத் தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும். விழுந்த தகடு தறியை நிறுத்தும். (இன்று நம் தெருக்களில் ஓடும் டொயோட்டாக் கார்களும் இக்குடும்பத்தின் வழிவந்தவையே.)

1961-இல் ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியியலாளர் அந்நாட்டின் யமதா மின்பொருள் தொழிற்சாலையில் ஒரு சிக்கலை ஆராய்ந்தார். சிறியதொரு சுவிட்சுக்குள் இரண்டு சுருள்வில்களை வைத்து மூடவேண்டும். தொழிலாளர் சிலவேளை ஒன்றை மறந்துவிடுவர். எச்சரித்தும் பயனில்லை. ஷிங்கோ செய்தது இவ்வளவே: முதலில் இரண்டு வில்களை எடுத்து ஒரு சிறு தட்டில் வை, பின்பு அத்தட்டிலிருந்து எடுத்துச் சுவிட்சில் பொருத்து. வேலை முடிந்தபின் தட்டில் வில் எஞ்சியிருந்தால் மறதி அப்போதே வெளிப்பட்டுவிடும்.

இத்தகைய ஏற்பாட்டை அவர்கள் முதலில் 'பாகா யோக்கே' என்றனர். முட்டாளிடமிருந்து காப்பு என்பது பொருள். 1963-இல் வேறொரு தொழிற்சாலையில், தன்னை முட்டாளாகக் கருதிவிட்டார்களே என்று ஒரு பெண் தொழிலாளி கண்ணீர் விட்டாராம். அதன்பின் ஷிங்கோ பெயரைப் 'போக்கா யோக்கே', அதாவது கவனப்பிசகைத் தடுத்தல், என்று மாற்றினார். தட்டைக் கண்டுபிடித்ததைக் காட்டிலும் இப்பெயர் மாற்றத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். எத்தனை கெட்டிக்காரராயினும் ஒரே வேலையை நாள் முழுதும் செய்பவருக்கு மறதி வரும்.

நம் கரையோர ஊர்களிலும் தையற்கூலிக்கு உழைக்கும் பெண்கள் உளர். பொத்தான் விடுபட்டதென்று கூலியில் பிடிப்பதற்கு முன், முதலாளிமார் இதைச் செய்து பார்க்கலாம். சட்டைக்கு ஏழு பொத்தான் எனில், ஏழினையும் எண்ணி ஒரு கிண்ணத்தில் இட்டுக் கொடுக்கட்டும். மீதியுண்டா என்பது சட்டையை மடிக்குமுன்னரே தெரிந்துவிடும். செலவு ஒரு கிண்ணம்.