ஏரியும் மலையும் கற்பித்த இயற்பியல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"கூலி குடுத்தாலே ஏறத் தயங்குற மலைய, காசு குடுத்தா ஏறுறாக?"

சென்ற ஆண்டு வகுப்புத் தோழர்களுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டபோது என் தந்தையார் கேட்ட கேள்வி இது. பெரியகுளத்தை அடுத்த அடிவாரச் சிற்றூர் எங்களுடையது. காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்து, முப்பது ஆண்டுகளாக மூட்டை சுமந்து மலை ஏறி இறங்குபவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது கொடைக்கானல். அங்குள்ள ஏரி இயற்கையாகத் தோன்றியதன்று. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863ஆம் ஆண்டு கரை கட்டி உருவாக்கியது. விண்மீன் வடிவான அந்த ஏரியைச் சுற்றி வரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர் நீளமுடையது. இன்று அங்கே படகோட்டம், மிதிவண்டிச் சவாரி, குதிரைச் சவாரி, மலையேற்றம் எனப் பொழுதுபோக்குகள் பல. மோட்டார்ச் சாலை வருமுன் பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, வெள்ளகெவி வழியாக ஏறும் பாதையே மக்களுக்கு வழி. துரைமார்களை டோலியில் வைத்துச் சுமந்து சென்றவர்கள் எங்களைப் போன்ற எளியவர்களே. அன்று பிழைப்பாக இருந்த நடை இன்று விளையாட்டாகிவிட்டது!

படகில் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நால்வர் ஒரு படகில் ஏறினோம். கொடுத்த மிதவைச் சட்டையை, அழகாக இல்லையென்று கழற்றிக் காலடியில் போட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. நடு ஏரியில் நண்பர் ஒருவர் படம் எடுக்க எழுந்து நின்றார். படகு ஒருபுறமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அவர் சட்டென்று உட்கார்ந்ததால் பிழைத்தோம். காரணம் எளியது. நாம் அமர்ந்திருக்கும்போது ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். படகு சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். எழுந்து நின்றால் அம்மையம் உயர்ந்து, சிறு சாய்வும் கவிழ்வாகிவிடும். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது. ஆகவே சிறிதளவு கூடுதல் மிதப்பு விசையே தலையை நீருக்கு மேல் நிறுத்தப் போதும். அதைத் தருவதே மிதவைச் சட்டை. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைத் தேர்வில் பிழையின்றி எழுதிய நான், அதைக் காலடியில் போட்டு வைத்திருந்தேன்!

இனி மலையேற்றம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. எனவே அடிவாரத்தில் வியர்த்தவர் மேலே செல்லும்போது சுமார் 12 பாகை குளிர்ந்த காற்றைச் சந்திக்கிறார். நனைந்த ஆடை உடல் வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்யும். மாற்றுத் துணி இன்றியமையாதது. காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. ஆதலால் மூச்சு வாங்கும். அங்கே தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். "மேல சோறு சீக்கிரம் வேகாது, அவலக் கட்டிக்கிட்டுப் போ" என்று தந்தையார் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லாவற்றினும் கொடியது தீ. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தை எங்கள் பக்கத்தில் இன்றும் எவரும் மறக்கவில்லை. சரிவில் எரியும் தீ, மேலேயுள்ள புல்லையும் சருகையும் முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பர். மேல்நோக்கி ஓடும் மனிதனின் வேகமோ குறைந்துகொண்டே போகும். இதை நான் வீட்டில் விளக்கியபோது தந்தையார் சிரித்தார். "தீயக் கண்டா மேல ஓடாத, பக்கமா வெட்டவெளி பாத்துப் போன்னு எங்க அப்பாரு அப்பவே சொல்லிட்டாரு" என்றார்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் விதிகள் இறுகின. 2024இல் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை, முன்பதிவுடனும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடனும் திறந்தது. காட்டை ஒட்டி வாழும் இளைஞர்கள் பலர் வழிகாட்டிகளாக உள்ளனர். ஏடு அறியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த அறிவுக்கு இப்போதாவது கூலி கிடைக்கிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

நண்பர்களே, மலைக்குச் செல்லுங்கள். ஏரியில் படகு விடுங்கள். ஆனால் அனுமதியின்றிக் காட்டில் நுழையாதீர்கள். வழிகாட்டியின் சொல்லைத் தட்டாதீர்கள். மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். துணிவு என்பது ஆபத்தை அறியாமை அன்று, அறிந்து நடத்தல்.

படகில் நேர்ந்ததை நான் இதுவரை வீட்டில் சொல்லவில்லை. இம்மலர் கைக்கு வந்ததும் தந்தையாருக்கு இக்கட்டுரையைப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்போது அவர் என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.