திரை மூலையில் மூன்று எண்கள்

நெகிரி செம்பிலான், பகாவ் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: சர்வர் வேலையில் இருக்கும் மகன் லினக்ஸ் கணினியில் ‘டாப்’ என்று தட்டினால் திரை முழுக்க எண்கள். முதல் வரியின் கடைசியில் 1.20, 2.85, 4.10. இயந்திரம் திணறுகிறதா?

திணறியது, இப்போது மீள்கிறது. அந்த மூன்றும் 1, 5, 15 நிமிடச் சுமைச் சராசரிகள். இடப்பக்கம் புதியது, வலப்பக்கம் பழையது. இடது எண் சிறுத்திருந்தால் கூட்டம் கலைகிறது என்று பொருள்.

செம்பனை ஆலை வாசலைப் பாருங்கள். ஒரு லோரி குலை இறக்குகிறது, பின்னால் மூன்று நிற்கின்றன. சுமை 4. இறக்குமிடம் நான்கு இருந்தால் அதே 4-இல் யாருக்கும் காத்திருப்பில்லை. அதனால் செயலியில் எத்தனை கோர், அதாவது இறக்குமிடம், என்று தெரியாமல் இந்த எண்ணுக்குப் பதற வேண்டாம். கிராணியின் சீட்டுக்காக ஓரங்கட்டி நிற்கும் லோரியையும் லினக்ஸ் எண்ணிக்கொள்ளும். வட்டிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் வேலைகள் அவை. செயலி சும்மா கிடக்க, சுமை மட்டும் 8-ஐத் தொடுவது இதனால்தான்.

இதில் என்னைச் சொக்க வைப்பது சராசரி போடும் விதம். கடந்த 15 நிமிட வரிசையை லினக்ஸ் எங்கும் எழுதி வைப்பதில்லை. ஏறக்குறைய 5 விநாடிக்கொருமுறை லோரிகளை எண்ணுகிறது. பழைய சராசரியில் 92 விழுக்காடு, புதிய எண்ணிக்கையில் 8 விழுக்காடு, இரண்டையும் கூட்டினால் புதிய ஒரு நிமிடச் சுமை. 15 நிமிட எண்ணுக்குப் பழையதில் 99.4 விழுக்காடு. சும்மா இருந்த கணினியில் ஓயாமல் ஓடும் ஒரு வேலையை விட்டால், ஒரு நிமிடம் கழித்து முதல் எண் 1 ஆகாது, 0.63-இல் நிற்கும். அரை மணிக்கு முந்தைய நெரிசலோ 15 நிமிட எண்ணில் இன்னும் 13.5 விழுக்காடு ஒட்டியிருக்கும். பெயர்தான் ஒரு நிமிடம், பதினைந்து நிமிடம்; பழசு முழுதாக அழிவதேயில்லை, தேய்கிறது. லினக்ஸின் கையில் பேரேடு இல்லை, மூன்றே எண்கள்!

வரலாறு சுருக்கமாக: 1973-இலேயே டெனெக்ஸ் இயங்குதளம் ஓடிய கணினிகள் சுமைச் சராசரி காட்டின. யுனிக்ஸுக்கான டாப்பை 1984-இல் வில்லியம் லெஃபீவ்ர் எழுதினார்.

இன்று வண்ண வட்டங்களோடு, செயற்கை நுண்ணறிவு முத்திரை குத்திய கண்காணிப்புத் திரைகளைக் கூவி விற்கிறார்கள். சிவந்த வட்டம் ஒன்று இந்த நொடியை மட்டும் சொன்னால், ஏறுமுகமா இறங்குமுகமா என்று எப்படித் தெரியும்? அருகருகே நிற்கும் மூன்று எண்கள் அதை ஒரே பார்வையில் சொல்லிவிடுகின்றன.

டாப் ஓடும்போது 1 என்ற விசையை மகனைத் தட்டச் சொல்லுங்கள். கோர்கள் தனித்தனி வரியாகப் பிரியும். அங்கே தரவுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் ‘டபிள்யூஏ’ எண் உயர்ந்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியது வட்டைத்தான்.