கள்ளின் வலுவும் கலோரிக் கணக்கும்

இந்துக் கல்லூரி மலரொன்றிற் கள்ளைப்பற்றிய கட்டுரையா என்று அன்பர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை மறுக்க யாம் புகவில்லை. சுருவில் முதலாய தீவகத்து ஊர்களிற் பனையோடு வளர்ந்த நாம், கள் வலுவற்ற பானம் என்றும், கருப்பநீரின் இனிப்பு அதில் இன்மையாற் சலரோகிக்கும் ஏற்றதென்றும் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். இக்கூற்றுக்களை இரசாயனம் ஒப்புகின்றதா என்பதே கேள்வி.

சீவிய பாளையிலிருந்து வடியும் நீரில் 100க்கு ஏறக்குறைய 10 முதல் 15 பங்கு சீனி உண்டு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் மதுவம் பெருகாது, கருப்பநீர் கிடைக்கும். பூசாவிடின் மரத்திலேயே நொதித்தல் தொடங்கிவிடும். நொதிக்கும் சீனியின் நிறையிற் பாதியளவு மதுசாரமாகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாய் நுரைத்து வெளியேறுகின்றது.

ஓர் இலீற்றரில் 100 கிராம் சீனி இருந்ததென்று கொள்வோம். அதன் கலோரி 400. அதில் 80 கிராம் நொதித்தால் 40 கிராம் மதுசாரம் உண்டாகும். கன அளவில் இது 100க்கு 5 பங்கு. கடையில் விற்கும் பியரின் வலுவும் ஏறத்தாழ இதுவே. இனிக் கலோரியைப் பார்ப்போம். சீனி கிராமுக்கு 4 கலோரி தருவது. மதுசாரமோ 7 தருவது. எஞ்சிய 20 கிராம் சீனிக்கு 80, மதுசாரத்துக்கு 280, ஆக 360. சீனியின் பாரத்திற் பெரும்பங்கு குறைந்தது. கலோரியோ பத்திலொன்றே குறைந்தது! முக்கால் இலீற்றர்ப் போத்தலொன்றில் 270 கலோரியும், 30 கிராம் மதுசாரமும் உள. சலரோகத்துக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் கள்ளருந்தினால், மதுசாரம் ஈரலின் குளுக்கோசு ஆக்கத்தைத் தடுப்பதால், இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழவுங்கூடும். தீங்கற்றது என்னும் கூற்று இங்கே முற்றாக உடைந்துவிடுகின்றது.

வலுவை அளப்பது எங்ஙனம்? மேலைநாடுகளில் வீட்டிற் பியர் ஆக்குவோர், மதுவம் இடுமுன் ஒருமுறையும் நொதித்தபின் ஒருமுறையும் நீரமானியால் தன்னீர்ப்பைக் காண்பர். 1.039 இருந்தது 1.000 ஆனால், வித்தியாசத்தை 131ஆற் பெருக்க 5.1 வரும். அதுவே நூற்றுவீத வலு. நம் முட்டிக்கு இம்முறை பொருந்தாது. வடியும்போதே நொதிப்பதால் "முன்" என்றொரு நிலை அதற்கில்லை. மேலும், 1.000 என்ற அளவைக் கண்டு சீனி அற்றுவிட்டதென்று கருதுதல் தவறு. மதுசாரம் நீரினும் இலேசாகையால் எஞ்சிய சீனியின் பாரத்தை மறைத்துவிடும்.

இதற்கும் வழியுண்டு. கள்ளின் நுரையை நன்கு கலைத்துத் தன்னீர்ப்பைக் காண்க; குமிழிகள் நீரமானியை உயர்த்திப் பொய்யளவு காட்டும். பின், அளந்தெடுத்த கள்ளை மூன்றிலொன்றாகச் சுண்டக் காய்ச்சி, ஆறியபின் வடித்த நீர்விட்டு முன்னைய கன அளவுக்கு நிரப்பி, அதே வெப்பநிலையில் மீண்டும் அளக்க. 1.000 இருந்தது 1.007 ஆயின், மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம். பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள கருவிகளே இதற்குப் போதும். காய்ச்சும் ஆவி தீப்பற்றக்கூடியது. ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும்.

நாட்பட்ட கள் வலுக்கும் என்பதும் மயக்கமே. சீனி தீர்ந்தபின் மதுசாரம் பெருகுவதற்கு வழியில்லை. காற்றுப்பட்ட கள்ளில் பற்றீரியங்கள் மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக மாற்ற, வலு குறையவே செய்யும். நாவிற் சுரீரென்று உறைப்பது அவ்வமிலம். பனங்கள்ளிலிருந்து வினாகிரி ஆக்குவதும் இவ்வாறே.